சாமான்கள் தங்கும் ஹோட்டல்

கேமரன் மலைப் பிரிஞ்சாங்கில் தனலெட்சுமியைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், அவர் ஸ்ட்ராபெரி பறிக்க வந்த சுற்றுலாக்காரராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, இப்போது முகத்தை மறைத்துக்கொண்டு திரிகிறவராக இருக்க வேண்டும். ஐம்பதைத் தாண்டியவள். குள்ளம். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு உருண்டையாக நடந்து வருவாள். வாயும் ஓயாது, சிரிப்பும் ஓயாது. பயம் வந்தால் இன்னும் கூடுதலாகச் சிரிப்பாள்; அது பிறவிக் கோளாறு, மருந்து கிடையாது. ஒரு துக்க வீட்டில் சிரிப்பு முட்டிக்கொண்டு வர, அழுவதுபோல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடியிருக்கிறாள். அவளுக்கு ரொம்ப இளகின மனசு என்று அங்கே எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

பிறந்தது தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில். அம்மாவும் அப்பாவும் தோட்டத்து வேலைதான். இவளுக்குக் கொழுந்துக் கூடை சரிப்பட்டு வரவில்லை, அட்டைப் பூச்சி என்றால் அலறுவாள். அதனால் பள்ளி முடித்த கையோடு, பிரிஞ்சாங் டவுனில் சீன முதலாளி லியோங் தவுக்கேயின் ஹோட்டலில் படுக்கை விரிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். கீழ்த்தளமும் மேலே இரண்டு மாடியும், ஒரே ஒரு லிப்டும் உள்ள ஹோட்டல். அந்த லிப்ட் நினைத்தால் ஏறும், நினைத்தால் நிற்கும். அங்கேயே சூப்பர்வைசர் ஆனாள். அங்கே பயணிகளை இறக்கிவிட வந்த வேன் டிரைவர் செல்வராஜுவைக் கட்டிக்கொண்டாள். மகன் யோகேஸ் இடைநிலைப்பள்ளியில் படிக்கும்போது செல்வராஜு நோயில் போய்ச் சேர்ந்தான். அழுதாள், நிறைய அழுதாள். பிறகு பள்ளி விடுமுறைக் கூட்டம் வந்துவிட்டது. அறுபது கட்டிலுக்கு விரிப்பு மாற்ற வேண்டியிருந்தது.

இத்தனை வருஷ வேலையில் அவளுக்கு ஒட்டிக்கொண்ட ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கதவாக இருந்தாலும் மூன்று தட்டுத் தட்டி, “ஹவுஸ்கீப்பிங்” என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் திறப்பாள். உள்ளே ஆள் இல்லை என்று தெரிந்தாலும் தட்டுவாள். சொந்த வீட்டுக் குளியலறைக் கதவைத் தட்டி, பதில் வராததால் காத்துக்கொண்டிருந்ததும் நடந்திருக்கிறது.

கோவிட் வந்தது, ஹோட்டல் படுத்தது. ஊரெல்லாம் திரும்ப எழுந்தபோது அது மட்டும் எழுந்திருக்கவில்லை. புதிது புதிதாக வந்த ஹோட்டல்கள் விருந்தாளிகளை அள்ளிக்கொண்டு போய்விட்டன. லியோங் தவுக்கே ஈப்போவில் இருந்துகொண்டு, கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, கீழ்த்தளத்தில் ஓர் அறையையும் மொத்தச் சாவிக்கொத்தையும் தனலெட்சுமியிடம் கொடுத்தார். காலியான கட்டடம், இடுப்பில் சாவி, பனியும் குளிருமாக ஒரு ராஜ்ஜியம். மகன் யோகேஸ் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் ஷா ஆலமில் நல்ல வேலையில் இருக்கிறான், சொந்த ஃப்ளாட் இருக்கிறது, தங்கமான பிள்ளை. வாரம் தவறாமல் போன் போட்டு, “எப்பம்மா மலை எறங்குறீங்க?” என்று கேட்பான். இவள் சிரித்துச் சமாளிப்பாள்.

காலிக் கட்டடம் இருக்கிறது என்ற செய்தி ஊருக்குள் பரவ எத்தனை நேரம் ஆகும்? முதலில் வந்தவர் கோலா தெர்லா ஊர்க்காரர் சாம்பசிவம், காய்கறி வியாபாரி. பகலில் முட்டைக்கோஸ், மாலையில் உருமி மேளம் என்று வாழ்கிறவர். வீட்டில் மேளம் இருக்க வேண்டும், அல்லது நான் இருக்க வேண்டும் என்று அவர் மனைவி சொல்லிவிட்டாராம். ஒரு புருஷன் யோசிக்கக் கூடாத அளவு நேரம் யோசித்துவிட்டு, மேளங்களை லோரியில் ஏற்றிக்கொண்டு தனலெட்சுமியிடம் வந்தார். ஒரே ஒரு வாரம் என்றார். அடுத்த வாரம் இன்னொருவர் ஒரு குளிர்சாதனப் பெட்டி கொண்டு வந்தார். அதற்கடுத்து தோட்டத்துக் கோயில் கமிட்டி, அன்னதான அண்டாக்களும் காவடிகளுமாக வந்து இறங்கியது. லைன் வீட்டில் இரண்டு அறை. அதில் பிள்ளைகள் கோலாலம்பூருக்குப் போகும்போது விட்டுப்போன கட்டில், சைக்கிள், உடற்பயிற்சிக்கு ஓடும் மெஷின், எல்லாவற்றையும் எங்கே வைப்பது? தனம் அக்கா இருக்கிறாளே.

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் தவுக்கே வந்து நின்றார். வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் குளிர்சாதனப் பெட்டி. சோபாவில் காவடி சாய்ந்து உட்கார்ந்திருந்தது. தவுக்கேயின் அப்பா ஒரு காலத்தில் தோட்டத்து வாசலில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அந்தக் கடையில் மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவர் என்பதால், தவுக்கே தோட்டத்துத் தமிழை நம்மைவிட நன்றாகப் பேசுவார். இது யாருடையது, அது யாருடையது என்று அவர் விரலை நீட்டி நீட்டிக் கேட்க, தனலெட்சுமி சிரித்துக்கொண்டே இருந்தாள். பயம் அவ்வளவு.

சிரிப்புக்கு நடுவில்தான் அந்த யோசனை வெளியே வந்து விழுந்தது. தீபாவளிக்கு ஷா ஆலம் போயிருந்தபோது யோகேஸ் அவளுக்கு ஓர் இடத்தைக் காட்டினான். மூடிப்போன பேரங்காடியை உள்ளே தடுத்துத் தடுத்து, வரிசையாக ஆரஞ்சு நிறக் கதவு வைத்திருந்தார்கள். வீட்டில் இடம் இல்லாதவர்கள் மாத வாடகைக்குக் கதவு எடுத்து, சாமானை வைத்துப் பூட்டிக்கொண்டு போகிறார்கள். மனுஷன் தங்குகிற ஹோட்டல் மாதிரி, சாமான் தங்குகிற ஹோட்டல். அன்று ராத்திரி அவளுக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. சாமான் விருந்தாளி எப்படிப்பட்ட விருந்தாளி! சுடுதண்ணீர் வரவில்லை என்று கத்தாது. துண்டைத் திருடாது. ஈரக் காலோடு கட்டிலில் ஏறாது. பாவம் யோகேஸ், தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அவனுக்கு அப்போது தெரியாது.

தவுக்கே கேட்டுவிட்டு நெடுநேரம் காவடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் இருக்கும் அவர் பிள்ளைகள் கட்டடத்தை விற்றுவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். வாங்கி இடித்துவிட ஒரு கம்பெனியும் தயாராக இருந்தது. அவருக்கு விற்க மனசில்லை; ஆனால் பிள்ளைகளிடம் காட்ட ஒரு காரணம் வேண்டும். கடைசியில் ஒரு சொல் சொன்னார். கட்டடத்தை மாற்றிக் கொடுக்கிறேன். ஆகஸ்டு முடிவில் வரும் சுதந்திர நாளுக்குள், மெர்டேக்காவுக்குள், எல்லாக் கதவுக்குப் பின்னாலும் ஆளுடைய சாமான் இருக்க வேண்டும். ஒரு கதவு காலியாக இருந்தாலும் விற்றுவிடுவேன். வாய்ச்சொல்லில் எடுத்துக்கொள்கிறேன் என்பவர்கள் கணக்கில் வரமாட்டார்கள், சாமான் உள்ளே இருந்தால்தான் கணக்கு.

விற்றுவிட்டால் தனலெட்சுமிக்கு அறை இல்லை, வேலை இல்லை, மலையில் இருக்கக் காரணமும் இல்லை. யோகேஸிடம் தானாகவே வாக்குக் கொடுத்தாள்: இது நடக்காவிட்டால் மறுபேச்சில்லாமல் உன் பின்னால் வந்துவிடுகிறேன். சொல்லிவிட்டு அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

வேலை தொடங்கியது. அந்த மாதங்களில் அவளைப் பார்த்தவர்கள், இவளுக்குப் புதுசாகக் கல்யாணம் ஆகியிருக்கிறதோ என்று நினைத்திருப்பார்கள். தரைவிரிப்பைக் கிழித்து எறிந்தார்கள். குளியலறைக் குழாய்களை அடைத்தார்கள். பெரிய அறைகளை இரண்டாகவும் மூன்றாகவும் தடுத்தார்கள். கராவோக்கே கூடம் நான்கு அறையானது. தீயணைப்பு இலாகாவுக்காக அவசர வழி விளக்கும் தீயணைப்பானும் மாட்டினார்கள். இவளுக்கு எதிரி ஒன்றே ஒன்றுதான், ஈரம். கேமரன் மலைப் பனி ஜன்னல் இடுக்கில் உரிமையோடு நுழைந்து மரச் சாமானில் பூஞ்சை பூக்க வைக்கும். ஜன்னல்களை எல்லாம் இறுக்கி மூடினாள். மாடிக்கு மாடி ஈரம் உறிஞ்சும் மெஷின் வைத்து, அதில் சேரும் தண்ணீரைக் காலையும் மாலையும் ஊற்றினாள். அழுகுவது, எரிவது, மூச்சு விடுவது, இந்த மூன்றையும் உள்ளே வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டாள். மூச்சு விடுவது என்று எதற்காகச் சொன்னாள் என்று கேட்பவர்களுக்கு, ஒருவர் சண்டைச் சேவலுக்கு அறை கேட்டு வந்த கதையைச் சொல்வாள்.

கீழ்த்தளத்து அறைகளைப் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை வியாபாரிகள் வந்த வேகத்தில் எடுத்துக்கொண்டார்கள். கூடாரத் துணியும் மடக்கு மேசையும் தினமும் தூக்கித் திரிவதிலிருந்து அவர்களுக்கு விடுதலை. ஆனால் மேலே இரண்டு மாடியும் நம் ஆட்களுக்கு. இங்கேதான் சிக்கல். வேலை முடிந்தபோது ஆடி மாதம் நடந்துகொண்டிருந்தது. வந்தார்கள், பார்த்தார்கள், கதவைத் தட்டிப் பார்த்தார்கள், முன்பணமும் கொடுத்தார்கள். சாமானை மட்டும் ஏற்றவில்லை.

“வெறுமனே கொண்டாந்து போட இது குப்பத் தொட்டியாம்மா?” என்று கேட்டார் சாம்பசிவம். வரவேற்பறையில் கிடந்த மேளங்களைக்கூட வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு போயிருந்தார். முறையாக வர வேண்டுமாம். “மேளம் குடிபோற எடம். ஆடியில ஏத்துனா அப்புறம் சத்தமே வராது.”

எல்லோருக்கும் இதே பேச்சுத்தான். ஆவணி பிறக்கட்டும் அக்கா. ஆவணி பிறந்தது. ஒவ்வொருவராகப் போன் போட்டு நல்ல நாள் பார்க்கச் சொன்னார்கள். தனலெட்சுமி சந்தோஷமாக மேசைமேல் இருந்த நாள்காட்டியைப் புரட்டினாள். மெர்டேக்காவுக்கு முன்னால் ஒரே ஒரு முகூர்த்த நாள்தான் மிச்சம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணியை ஒட்டி ஒரு மணி நேரம் நல்ல நேரம்; பன்னிரண்டுக்கு எமகண்டம் தொடங்குகிறது. அதை அவள் ஆசிரியை பிரேமலாவுக்குச் சொன்னாள். சாம்பசிவத்துக்குச் சொன்னாள். கோயில் கமிட்டிக்குச் சொன்னாள். மேலே இரண்டு மாடிக்கும் ஒவ்வொருவராக, பாசத்தோடு, அதே நேரத்தைச் சொன்னாள்.

ஹோட்டலில் எத்தனையோ வருஷம் எல்லோருக்கும் ஒரே நேரம்தான் சொல்லியிருக்கிறாள். மதியம் இரண்டு மணிக்கு அறை என்றால், விருந்தாளி மூன்றுக்கு வருவான், எட்டுக்கு வருவான், சிலபேர் வரவே மாட்டார்கள். அந்த நினைப்பில் இருந்துவிட்டாள். நல்ல நேரம் என்று சொல்லிவிட்டால் நம் ஆள் ஒரு நிமிடம் பிந்தமாட்டான் என்பது அவள் புத்திக்கு எட்டவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும்தான் எட்டியது. சும்மாவே ஞாயிறன்று பிரிஞ்சாங் ரோட்டில் நத்தை முந்திக்கொண்டு போகும். அதில் கம்போங் ராஜாவிலிருந்தும் கோலா தெர்லாவிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் லோரி, வேன், டிராக்டர் என்று கட்டிலும் பீரோவும் ஏற்றிக்கொண்டு ஒரே வாசலுக்கு ஊர்வலம். சுற்றுலாப் பேருந்துகள் நடுவில் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்தன. சாம்பசிவம் மேளத்தை மட்டும் கொண்டுவரவில்லை, அடிக்கிற ஆட்களையும் கொண்டுவந்திருந்தார். பயணிகள் ஏதோ திருவிழா என்று நினைத்து இறங்கிப் படம் எடுத்தார்கள்.

முதலில் லிப்டுக்குள் போனது பிரேமலாவின் பீரோ. பிரேமலா சிகாமட்டிலிருந்து இங்கே பள்ளிக்கு மாற்றலாகி வந்தவள். கல்யாணச் சீராக வந்த தேக்கு பீரோவைப் பிரிய மனமில்லாமல் கூடவே கொண்டுவந்து, வாடகை அறைக்குள் அது நுழையாததால் மூன்று மாதமாக யாரோ வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் போர்த்தி வைத்திருந்தாள். லிப்டுக்குள் அதைச் சாய்த்து நுழைத்தார்கள். லிப்ட் பாதி தூரம் ஏறி, மனசு மாறி, முதல் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவில் நின்றுவிட்டது.

சரி, மாடிப்படி இருக்கிறது என்றால், அங்கே ருக்குமணி அம்மாளின் எவர்சில்வர் பாத்திரங்கள் இறங்கிவிட்டன. மகள் கல்யாணத்துக்காகச் சேர்த்த பாத்திரங்கள். கல்யாணத்துக்கு மகள் இன்னும் சம்மதிக்கவில்லை, அதனால் பாத்திரங்களை ஒளித்து வைக்க அறை எடுத்திருந்தார். ஓடும் மெஷின் ஒன்று பாத்திர மூட்டைக்கு எதிரே குறுக்காகச் சிக்கிக்கொண்டது. அதற்குப் பின்னால் கோயில் அண்டா. மேலே போக வழி இல்லை, கீழே இறங்கவும் வழி இல்லை. நல்ல நேரத்தில் பாதி போயிற்று.

கூட்டத்தில் முணுமுணுப்புக் கிளம்பியது. நேரம் தப்பிவிட்டால் ஏற்றமாட்டோம் என்றார்கள். அடுத்த முகூர்த்தம் மெர்டேக்கா கழித்துத்தான். சிலபேர் லோரியைத் திருப்பலாமா என்று ரோட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் லியோங் தவுக்கேயின் போன் வந்தது. அன்றே கணக்குப் பார்த்துவிட அவர் வந்துகொண்டிருந்தார், நெரிசலில் கார் நகராததால் இறங்கி நடந்து வருகிறாராம். அவரைத் தொடர்ந்து யோகேஸும் போன் போட்டான். அம்மாவை அழைத்துப் போகத்தான் வந்திருந்தான், அவனும் நெரிசலில். வரவேற்பு மேசைக்குப் பின்னால் அவள் பெட்டி கட்டி நின்றது. தோற்றுப்போனால் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணாமல் கிளம்ப வேண்டும் என்று முந்தின நாளே கட்டி வைத்திருந்தாள்.

தனலெட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. பிரேமலா பாதி அழுகையில் இருந்தவள், இதைப் பார்த்துத் தானும் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்து, தனலெட்சுமி மேசையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, பாத்திர மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ருக்குமணி அம்மாளைப் பார்த்தாள். புது வீட்டுக்குக் குடிபோகிறவர் மாதிரியே பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். தனலெட்சுமிக்குப் பளிச்சென்று உறைத்தது. ஒரு நாற்காலியைப் போட்டு மேசைமேல் ஏறி நின்றாள். மேளத்தை நிறுத்தச் சொன்னாள்.

“எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. புது வீட்டுக்குப் போறப்ப மொதல்ல பீரோவும் கட்டிலுமா போவுது? உப்பும் மஞ்சளுந்தானே போவுது. இன்னிக்கும் அதான். ஆளுக்கொரு உப்புப் பாக்கெட்டு. அவங்கவங்க ரூம்ல வச்சு கும்புட்டுட்டு எறங்குங்க. மத்ததெல்லாம் பொழுதுக்குள்ள மெதுவா ஏறிக்கும்.”

கூட்டம் சாம்பசிவத்தைப் பார்த்தது. இந்த மாதிரி விஷயங்களில் அவர் சொன்னால்தான் செல்லும்.

“அது வீட்டுக்கும்மா. இது ஸ்டோரு,” என்றார் அவர்.

“குடிபோற எடம்னு சொன்னது யாருண்ணே?”

சாம்பசிவம் தலையைச் சொறிந்தார். சொன்னது அவர்தான். சொன்ன சொல்லை விழுங்குகிற ஆள் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்து மளிகைக் கடைக்கு ஓடினார். அவர் ஓடினதும் மொத்தக் கூட்டமும் ஓடியது. அந்த வரிசைக் கடைகளில் உப்பு தீர்ந்துபோனது. பிந்தினவர்கள் மஞ்சள் தூளும் அரிசியும் வாங்கினார்கள். மேளம் மறுபடி முழங்க, பாத்திர மூட்டையைத் தாண்டி, ஓடும் மெஷினுக்கு அடியில் குனிந்து, கோயில் அண்டாவைச் சுற்றி, உப்புப் பாக்கெட்டைக் குழந்தைபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜனங்கள் மாடி ஏறினார்கள். ஒரு சிங்கப்பூர்க் குடும்பம் எதற்கென்றே தெரியாமல் உப்பு வாங்கிக்கொண்டு வரிசையில் சேர்ந்து, இரண்டாம் மாடி வரை போய், அறை இல்லாமல் திரும்பி வந்தது.

இந்தக் கூத்துக்கு நடுவில் தவுக்கே மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். மாடியைக் காட்டினார். தனலெட்சுமி அவரை அழைத்துக்கொண்டு போய் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள், “ஹவுஸ்கீப்பிங்” என்றாள், திறந்தாள். ஒவ்வொரு அறை நடுவிலும் ஒரு பாக்கெட் உப்பு உட்கார்ந்திருந்தது. நாலைந்து அறை பார்த்ததும் தவுக்கே நின்றார்.

“தனம், சாமான் உள்ள இருந்தாத்தான் கணக்குன்னு சொன்னேன்.”

“உப்பு சாமான் இல்லையா தவுக்கே? மளிகைக் கடையில வளந்தவரு நீங்களே இப்படிக் கேக்கலாமா?”

தவுக்கே உப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. தங்கள் ஆட்களும் புது வீட்டுக்கு இப்படித்தான் அரிசியும் உப்பும் முதலில் கொண்டுபோவார்கள் என்று முனகிக்கொண்டே அடுத்த கதவுக்கு நடந்தார். தனலெட்சுமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முதல் மாடி முடிந்து இரண்டாம் மாடி. எல்லாக் கதவுக்குப் பின்னாலும் உப்பு, மஞ்சள், அரிசி. கடைசிக் கதவைத் தட்டித் திறந்தாள்.

காலி. வெறும் தரை.

அது கம்போங் ராஜாவிலிருந்து வர வேண்டிய மகேனுக்குக் கொடுத்த அறை. அவள் கைப்பேசியில் அவன் தகவல் காலையிலேயே வந்து கிடந்தது, அமளியில் பார்க்கவில்லை. பெரியப்பா இறந்துவிட்டார், தீட்டு, பதினாறு நாள் கழித்துத்தான் எதுவும் செய்ய முடியும், மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா. அவனை என்ன குற்றம் சொல்ல முடியும்? தனலெட்சுமியின் வாய் சிரித்தது. கண் சிரிக்கவில்லை.

தவுக்கேயின் முகமும் வாடிவிட்டது. “நான் பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டேன் தனம். ஒரு கதவு காலின்னாலும் விக்கிறதுன்னு. சொன்ன சொல்லு சொல்லுதான்.”

எமகண்டத்துக்கு இன்னும் சில நிமிடம் இருந்தது. “ஆள் கீழ நிக்குது தவுக்கே, ஒரு நிமிசம்,” என்று சொல்லிவிட்டு ஓடினாள். அந்த வயதில், அந்த ஸ்வெட்டர்களோடு, அண்டாவைச் சுற்றி, மெஷினுக்கு அடியில் புகுந்து, பாத்திர மூட்டைமேல் ஏறிக் குதித்து வரவேற்பறைக்கு வந்தாள். மேசைக்குப் பின்னால் இருந்த தன் பெட்டியை இழுத்தாள். உப்பு கேட்டாள். ஊரிலேயே உப்பு இல்லை. சாம்பசிவம் தன் வேட்டி மடிப்பில் மிச்சம் வைத்திருந்த ஒரு பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, அவள் கைநிறையக் கொட்டினார்.

ஒரு கையில் உப்பு, மறு கையில் பெட்டி. பெட்டி நகரவில்லை. அப்போதுதான் யோகேஸ் வாசலில் வந்து நின்றான். மலைக் குளிரிலும் வியர்த்திருந்தது.

“மா, கார் கீழ ரவுண்டபௌட்டுகிட்ட நிக்குது. பெட்டிய என்கிட்ட குடுங்க.”

“தூக்குய்யா. மேல போவுது.”

யோகேஸ் தங்கமான பிள்ளை என்று முதலிலேயே சொன்னேன். அம்மா தூக்கு என்றால் தூக்குவான், பிறகுதான் யோசிப்பான். பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, பாத்திரத்தைத் தாண்டி, மெஷினுக்கு அடியில் குனிந்து, இரண்டு மாடியும் ஏறி, அம்மா காட்டிய அறைக்குள் இறக்கி வைத்த பிறகுதான், தான் என்ன செய்திருக்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. தனலெட்சுமி கைநிறைய இருந்த உப்பை மூலையில் கொட்டினாள், கும்பிட்டாள், வெளியே வந்து கதவைப் பூட்டினாள்.

“யாருதும்மா இது?” என்று கேட்டார் தவுக்கே.

“என்னுதுதான். வாடகைய சம்பளத்துல புடிச்சுக்குங்க.”

தவுக்கே பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பூட்டு பூட்டியிருந்தது. சரி என்று தலையாட்டினார். அங்கேயே நின்று பிள்ளைகளுக்குப் போன் போட்டு, அவர்கள் பாஷையில் நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்தார். விற்கவில்லை என்றார். அதற்குமேல் அவருக்கும் நிலை கொள்ளவில்லை. விறுவிறுவென்று கீழே இறங்கி, எதிரே பழக்கடைக்குப் போய், கொண்டையோடு ஓர் அன்னாசிப்பழம் வாங்கி வந்தார். எங்கள் ஆட்கள் இதையும் வீட்டுக்குள் உருட்டுவார்கள் என்று சொல்லி, வாசலில் குனிந்து ஓர் உருட்டு உருட்டினார். அது வரவேற்பறை நீளத்துக்கும் ஓடி, ருக்குமணி அம்மாளின் பாத்திரத்தில் மோதி ‘டங்’ என்றது. மேளக்காரர்கள் அதையே தாளமாக எடுத்துக்கொண்டார்கள். ருக்குமணி அம்மாள் பட்டுச் சேலையோடு ஆடத் தொடங்கினார், யார் சொல்லியும் நிறுத்தவில்லை.

இரண்டாம் மாடிப் படியில் யோகேஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். தனலெட்சுமி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எறக்கத்தாம்மா வந்தேன். நானே ஏத்தி வச்சிட்டேன்,” என்றான்.

அவள் சிரிக்கவில்லை. காலையிலிருந்து முதல் தடவையாக அவளுக்குப் பயம் இல்லை. அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“ஒன் வூட்டுல எனக்கு ஒரு கொறையும் வராதுய்யா. நீ என்னைப் பத்தரமா வச்சுக்குவ, எனக்குத் தெரியும். ஆனா அங்க நானும் நீ கொண்டாந்து வச்ச ஒரு சாமான்தான். இங்க எல்லாச் சாமானும் என்னை நம்பி இருக்கு.”

கீழே மேளமும், யாரோ அண்டாவை நகர்த்துகிற சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. யோகேஸ் எழுந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, லிப்டில் நிற்கிற பீரோ எந்த அறைக்குப் போக வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டான்.